திருகோணமலைக் கடலில் எந்த மீனுக்கு எந்த முடிவு?

நிலாவெளிக்கும் புல்மோட்டைக்கும் இடைப்பட்ட கரையோரச் சங்கம் ஒன்றின் சார்பில் வந்த கேள்வி இது: "பார் மீன் அருகிவிட்டது. டைனமைட்டையும் சுருக்கு வலையையும் அடியோடு நிறுத்தி, தமிழ்நாட்டில் செய்வதுபோல இரண்டு மாதம் கடலை மூடினால் மீன் திரும்புமா? அப்படியொரு முடிவைத் திணைக்களத்திடம் எப்படிக் கேட்பது?"

டைனமைட் நிற்கவேண்டும். அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. சுருக்கு வலை, அதாவது மீன் கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கிப் பிடிக்கும் வலை, வேறு விவகாரம், வேறு மீன். இரண்டு மாத மூடுகாலமோ உங்கள் பார் மீனுக்கு, அதாவது கடலடி முருகைக்கல் திட்டுகளில் வாழும் மீனுக்கு, அநேகமாக எதுவும் செய்யாது. மூன்றையும் ஒரே மனுவில் கட்டிக் கொடுத்தால், மூன்றாவதற்குச் சொல்லப்படும் மறுப்பில் முதலாவதும் சேர்ந்து தள்ளிப்போகும். அதனால் முதலில் இவற்றைப் பிரித்துவிடுங்கள்.

எதை வைத்துப் பிரிப்பது? மீன் எவ்வளவு தூரம் போகிறது என்பதை வைத்து. கலவாய், விளைமீன், ஓரா போன்ற பார் மீன்களில் பல, வளர்ந்த பிறகு சில நூறு மீற்றரிலிருந்து சில கிலோமீற்றருக்குள் சுற்றுபவை. சாளை, சூடை, கும்பளா கூட்டமாகக் கரையோரம் நெடுகப் போகும். கிண்ணியாவில் விட்டதைப் புல்மோட்டையில் பிடிப்பார்கள். அறுக்குளாவும் கெலவல்லா என்கிற மஞ்சள் துடுப்புச் சூரையும் நாட்டு எல்லைகளைத் தாண்டுபவை. முதலாவது வகைக்கு ஊர் மட்டத்தில் எடுத்த முடிவே பலன் தரும். இரண்டாவதற்கு மாவட்டமாவது ஒரே முடிவில் நிற்கவேண்டும். மூன்றாவதற்கு நீங்கள் மட்டும் வலையைச் சுருட்டி வைத்தால், நட்டம் உங்களுக்கு, மீன் அடுத்தவருக்கு.

திருகோணமலையில் இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது. இங்கே கண்டத்திட்டு ஒடுங்கியது. கொட்டியாரக்குடாவுக்குள்ளிருந்தே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கி 3,000 மீற்றருக்கும் கூடுதலான ஆழத்துக்கு இறங்குகிறது. திமிங்கிலம் கரைக்குக் கிட்ட வருவதற்குக் காரணமான அதே ஆழம்தான், பாரும் கடற்புல்லும் வளரக்கூடிய ஆழங்குறைந்த தரையைக் கரையோரம் ஒரு மெல்லிய கீலமாகச் சுருக்கி வைத்திருக்கிறது. பாக்கு நீரிணைப் பக்கம் ஒரு இடம் பாழானால் பக்கத்தில் இன்னும் பரந்த தரை கிடக்கும். இங்கே ஒரு பார் நொறுங்கினால் அந்த மீனுக்கு மாற்றிடம் கிடையாது.

டைனமைட்டை எடுத்துக்கொள்வோம். வெடித்ததும் மேலே மிதப்பதைத்தான் அள்ளுகிறார்கள். காற்றுப்பை வெடித்த மீனில் பெரும்பங்கு கீழே அமிழ்ந்துவிடும். அதைச் சுழியோடி எடுத்தால் உண்டு, இல்லையென்றால் அழுகும். மீனைவிடப் பெரிய இழப்பு முருகைக்கல். அது துண்டுதுண்டாக உடைந்து தரையில் பரவிக் கிடக்கும்போது, ஒவ்வொரு அலைக்கும் அந்தத் துண்டுகள் உருளும். புதிய முருகைக்கல் குஞ்சு வந்து ஒட்டினாலும் உருண்டு நசுங்கிப்போகும். ஆகவே வெடித்த இடம் வெடியை நிறுத்திய மறுவருடமே தேறாது. பல பத்தாண்டுகள் உடைசலாகவே கிடக்கலாம். 1998 இல் கடல் சூடேறி இலங்கையின் பெரும்பாலான பார்கள் வெளிறிச் செத்தபோது நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாமலைத் தீவுப் பக்கத்துப் பார் பெரும்பாலும் தப்பியது. இயற்கை விட்டுவைத்ததை வெடி வைத்து உடைப்பது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டம் வெடியையும் நஞ்சையும் பாவிப்பதை மட்டும் தடுக்கவில்லை. அப்படிப் பிடித்த மீனை இறக்குவது, வாங்குவது, விற்பது, ஏற்றிச் செல்வது எல்லாமே குற்றம். இது முக்கியம். ஏனென்றால் கடலில் பிடிப்பது மிகக் கடினம். ரோந்துப் படகைக் கண்டதும் மிச்ச வெடி கடலுக்குள் போய்விடும். பிறகு படகில் இருப்பது வெறும் மீன். கரையில் அந்த மீன் பேசும். மேலே செதிள் கலையாமல், வலைத்தடம், தூண்டில் காயம் எதுவும் இல்லாமல் பளபளவென்று இருக்கும். தூக்கினால் உடம்பு தளர்ந்து தொங்கும். வயிற்றைக் கீறினால் குடல் அறையில் இரத்தம் கட்டியிருக்கும், காற்றுப்பை கிழிந்திருக்கும், முள்ளந்தண்டோ விலா எலும்போ விட்டுப்போயிருக்கும். ஒரு அடையாளம் மட்டும் போதாது. கரையில் தூக்கி எறிந்த மீனுக்கும் எலும்பு உடையலாம். ஒரே பெட்டியில் வெவ்வேறு இன மீன்கள் பலவற்றில் இந்த மூன்றும் சேர்ந்து காணப்பட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை.

வழக்கு விழுவது பெரும்பாலும் மாதிரியைப் பேணுவதில்தான். மீன் அரை நாளில் கெட்டுவிடும். கெட்ட மீனில் தசை தானாகவே விடுவதால், எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு அதுவே போதும். அதிகாரி கைப்பற்றியவுடன் இனத்துக்கு நாலைந்து மீனாவது குடலோடு ஐஸில் வைத்து முத்திரையிடவேண்டும். வெட்டிய பக்கத்தின் படம், திகதி, இடம், பெட்டி எண் எல்லாம் அங்கேயே எழுதப்படவேண்டும். சங்கம் செய்யக்கூடியது, ஏலம் நடக்கும் இடத்தில் ஒரு மேசையும் கத்தியும் வைத்து, சந்தேகப் பெட்டியை ஏலத்துக்கு எடுக்காமல் கடற்றொழில் பரிசோதகருக்குத் தகவல் கொடுப்பது. சங்கத்தவர்களே படகை மறித்து மீனைப் பறிக்கப் போகவேண்டாம். கைகலப்பாகும், வழக்கும் தலைகீழாகிவிடும்.

இனி மூடுகாலம். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மூடுகிறார்கள். அது முதன்மையாக விசைப்படகுகளுக்கு, அதிலும் இழுவைமடிக்காக வந்த ஏற்பாடு. நாட்டுப் படகுகள் அந்த நாட்களிலும் தொழில் செய்கின்றன. இலங்கையில் இழுவைமடியை 2017 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் முற்றாகவே தடை செய்துவிட்டது. ஆக, அவர்கள் 61 நாள் நிறுத்துகிற கருவியை நீங்கள் 365 நாளும் நிறுத்தியாகிவிட்டது. மிஞ்சுவது வலையும் தூண்டிலும் வைத்திருக்கும் சிறுபடகுகள். வாடைக்காலத்தில், நவம்பர் தொடங்கி ஜனவரி, பெப்ரவரி வரை, சிறுபடகுகளுக்கு நம் கடல் தன்பாட்டில் பாதி மூடியே கிடக்கிறது. அந்த மாதங்களை மூடுகாலம் என்று வர்த்தமானியில் போட்டால் எல்லாரும் கை தூக்கி ஆதரிப்பார்கள், ஒரு மீனும் மிஞ்சாது. பலன் வேண்டுமென்றால், மீன் முட்டையிடுகிற மாதமும் நீங்கள் கூடுதலாகப் பிடிக்கிற மாதமும் ஒன்றின்மேல் ஒன்று விழுகிற இடத்தில் மூடவேண்டும். அது கட்டாயம் வலிக்கும் மாதமாகத்தான் இருக்கும். மேற்குக் கரையிலிருந்து சிலாபம், நீர்கொழும்புப் படகுகள் வந்து வாடி என்கிற தற்காலிகக் குடில் போடுகிற சோளக (தென்மேற்குக் காற்று) காலத்துக்குள் அது விழுந்தால், அவர்களையும் மேசைக்குக் கூப்பிடாமல் எடுத்த முடிவு நிற்காது.

எந்த மாதம் என்பதை ஊகிக்கத் தேவையில்லை. வெட்டிப் பார்க்கலாம். ஒரு இனத்தைத் தெரிவு செய்யுங்கள். மாதம் 30 பெண் மீனாவது, சிறிதும் பெரிதுமாக, நீளம் அளந்து, நிறுத்து, வயிற்றைத் திறந்து சினையைத் தனியாக நிறுங்கள். சினையின் எடையை உடல் எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் ஒரு எண் வரும். அது மாதாமாதம் ஏறி, உச்சிக்குப் போய், சட்டென்று விழும். விழுகிற மாதம்தான் முட்டையிட்ட மாதம். சினையின் தோற்றமும் எழுதப்படவேண்டும்: நூல்போல மெலிந்து கண்ணாடியாக இருந்தால் இன்னும் முதிரவில்லை, மஞ்சளாகப் பருத்து, மெல்ல அழுத்தினால் தெளிந்த முட்டை தள்ளினால் இன்றோ நாளையோ இடப்போகிறது, தளர்ந்து, சிவந்து, வெறும்பையாகக் கிடந்தால் இட்டு முடிந்தது. பன்னிரண்டு மாதமும் ஓடவேண்டும். சமையலறைத் தராசு சிறுமீனின் சினைக்கு உதவாது. 0.1 கிராம் காட்டும் நகைத்தராசு போதும். பெரிய மீனின் குடலை வியாபாரி விடமாட்டார் என்றால், வெட்டி விற்கிற கடையில் குடலை மட்டும் கேட்டு வாங்குங்கள். ஆனால் நீளத்தை வெட்டுமுன் அளந்துவிடவேண்டும்.

இதே அளவெடுப்பிலிருந்து இன்னொரு எண்ணும் கிடைக்கும். பெண் மீன்களில் பாதி எந்த நீளத்தில் முதிர்கிறது என்பது. அறுக்குளா சுமார் 75 சென்ரிமீற்றரில் அப்படி முதிர்கிறது. உங்கள் பிடிபாட்டில் அதற்குக் கீழானவை அரைவாசிக்கு மேல் என்றால், ஒரு தடவைகூடச் சந்ததி வைக்காத மீனைத் தின்றுகொண்டிருக்கிறீர்கள். இந்து சமுத்திர டூனா ஆணைக்குழுவின் மதிப்பீட்டிலும் அறுக்குளா அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்ட மீன்தான். மாற்றுவழி வலைக் கண்ணில் இருக்கிறது. செவுள் வலையில் படும் மீனின் நீளம் கண்ணின் அளவுக்கு ஏறக்குறைய நேர்விகிதமாகப் போகும். 4 அங்குலக் கண்ணில் அதிகம் படுவது 60 சென்ரிமீற்றர் மீன் என்றால், அதே நூல், வலையைக் கயிற்றில் கட்டும் அதே தளர்வில் 5 அங்குலக் கண்ணில் 75 அளவில் படும். கண் அளக்கும்போது நனைந்த வலையில் பத்துக் கண்ணைச் சேர்த்து இழுத்துப் பிடித்து, முடிச்சிலிருந்து முடிச்சுக்கு அளந்து, பத்தால் வகுக்கவேண்டும். ஒற்றைக் கண்ணை அளந்தால் ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள். தங்கூசி வலை என்கிற ஒற்றை இழை நைலோன் வலை தடை செய்யப்பட்டிருப்பதையும் சேர்த்துப் பாருங்கள். அது தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது, பாரில் சிக்கி அறுந்தாலும் மக்காமல் ஆண்டுக்கணக்கில் மீனைக் கொன்றுகொண்டே கிடக்கும். முருகைக்கல்லின் மேலும் பாறைகளின் மேலும் செவுள் வலையோ டிஸ்கோ வலை எனப்படும் மூன்றடுக்கு வலையோ போடுவதற்கு 1996 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளிலேயே தடை இருக்கிறது. புதிதாகக் கேட்கவேண்டியதில்லை, நடைமுறைப்படுத்தச் சொல்லிக் கேட்டால் போதும்.

கலவாய்க்கு நீளக் கணக்கு மட்டும் போதாது. கலவாயில் பெரும்பாலான இனங்கள் முதலில் பெண்ணாக முதிர்ந்து, பெருத்த பிறகு ஆணாக மாறுபவை. பெரியதையே தேடிப் பிடித்தால் ஆண் மீன் அற்றுப்போகும். சின்னதையே பிடித்தால் பெண் மிஞ்சாது. நீளம் இரட்டித்தால் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகும், முட்டையும் அந்தக் கணக்கிலாவது கூடும். அதனால் ஒரு பெரிய தாய் மீனுக்குப் பல சிறிய தாய்கள் ஈடாகா. இப்படிப்பட்ட மீனுக்குக் கண் அளவும் மாதமும் உதவுவதைவிட, ஒரு துண்டுப் பாரை ஆண்டு முழுவதும் தொடாமல் விடுவதுதான் உதவும். பார் மீனைப் பற்றிய கேள்விக்கு என் பதிலின் மையம் இதுதான்: காலத்தை மூடாதீர்கள், இடத்தை மூடுங்கள்.

உங்கள் கண்முன்னே உதாரணம் இருக்கிறது. புறாமலை 1963 இல் சரணாலயமாகி, 2003 இல் தேசியப் பூங்காவானது. சுற்றியுள்ள கடலோடு 471 ஹெக்டேயர். அங்கே நடப்பதிலிருந்து இரண்டு பாடம். ஒன்று, பூங்கா வனசீவராசிகள் திணைக்களத்தின் கீழ், அதைச் சுற்றிய தொழில் கடற்றொழில் திணைக்களத்தின் கீழ். எல்லைக்கு உள்ளே ஒருவர், வெளியே மற்றவர். எல்லை மிதவை இல்லாத இடத்தில் யாருமில்லை. இரண்டாவது, வலையைத் தடுத்தால் மட்டும் பார் பிழைக்காது. சீசனில் வருகிற உல்லாசப் பயணிகள் ஆழங்குறைந்த முருகைக்கல்லில் ஏறி நிற்பதும், படகுகள் நங்கூரம் போடுவதும் அதே வேலையை மெதுவாகச் செய்யும். ஆகவே நீங்கள் மூடச் சொல்லும் இடத்தில் நாலு மூலைக்கும் மிதவையும், படகு கட்டத் தனி மிதவையும் சேர்த்தே கேளுங்கள். மிதவை வாங்குவதைவிட அதைப் பராமரிப்பதுதான் செலவு. வாடைக்காலம் ஒவ்வொன்றும் சிலவற்றை அறுத்துக்கொண்டு போகும். யார் திரும்பக் கட்டுவது என்று முதலிலேயே எழுதாவிட்டால் இரண்டாம் ஆண்டில் எல்லை தாளில் மட்டும் இருக்கும்.

இடத்தின் பருமனை மீனின் நடமாட்டம் தீர்மானிக்கவேண்டும். நீளமாக, ஒடுங்கி, எல்லையெல்லாம் ஓரமாக இருக்கும் துண்டு வேண்டாம். ஒரு முழுப் பாரும், அதை அடுத்த மணல் இடைவெளியும் உள்ளே வரட்டும். பாரை நடுவால் வெட்டி எல்லை போட்டால், மீன் தினமும் எல்லையைத் தாண்டி வலைக்குள் வரும். ஓராவுக்கு இன்னொரு வீடும் தேவை. அதன் குஞ்சு கடற்புல்லில் வளர்கிறது. தம்பலகாமம் குடா, கொட்டியாரக்குடாவின் ஆழங்குறைந்த பக்கங்களில் தள்ளுவலை ஓடிக்கொண்டிருக்க, வெளியில் பாரை மூடிவைத்து ஓராவை எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை. கரையோரக் கண்டல் காடும் அப்படித்தான், குஞ்சு வளரும் இடம். பலன் எப்போது தெரியும் என்றால், வேகமாக வளரும் இனங்கள் ஒழுங்காகக் காத்தால் சில வருடத்தில் கூடும். பெரிய கலவாய்க்குப் பத்து வருடம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். குறைவாகச் சொல்லி ஆள் சேர்த்தால் மூன்றாம் வருடம் அவர்களே வலையோடு உள்ளே போவார்கள்.

கடலட்டை இன்னும் பிடிவாதமானது. ஆணும் பெண்ணும் தண்ணீரிலேயே விந்தையும் முட்டையையும் விடுவதால், ஒன்றுக்கொன்று கிட்ட இருந்தால்தான் சேரும். ஆங்காங்கே ஒன்று மிஞ்சிய தரையில், பிடிப்பதை நிறுத்தினாலும் அவை பெருகா. அதனால் அட்டைக்கு எஞ்சியிருக்கிற அடர்ந்த இடத்தை மூடவேண்டும். அற்றுப்போன இடத்தை மூடுவது எளிது, எவரும் எதிர்க்கமாட்டார்கள், பயனும் இல்லை.

சுருக்கு வலைக்கு வருவோம். இதில் கோபம் கூட, கணக்குக் குறைவு. சுருக்கு வலையால் பாருக்கு நேரடிச் சேதம், ஆழங்குறைந்த இடத்தில் வலையின் அடி தரையைத் தொட்டு இழுபடும்போதுதான். கரையிலிருந்து தூரத்தில், அனுமதிப்பத்திரத்தில் எழுதிய கண்ணளவோடு வளைத்தால் அது சூடையும் கும்பளாவும் பிடிக்கும் தொழில். அவை ஒரு வருடத்துக்குள் முதிர்ந்து பெருகுபவை. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. கூட்டமாகத் திரியும் மீனை வளைத்துப் பிடிக்கும்போது, கடலில் பத்துக் கூட்டம் இரண்டாகக் குறைந்தாலும், கண்டுபிடித்த ஒரு கூட்டத்தில் வலை நிரம்பவே நிரம்பும். எக்கோ சவுண்டரும் வெளிச்சமும் அந்தக் கடைசிக் கூட்டத்தையும் காட்டிக் கொடுக்கும். "பிடிபாடு குறையவில்லை" என்று சுருக்குக்காரர் சொல்வது பொய்யல்ல. ஆனால் அதை வைத்து மீன் இருக்கிறது என்று முடிவெடுக்க முடியாது. கூட்டத்தைத் தேட எத்தனை மணி, எத்தனை லீற்றர் எண்ணெய் என்று எழுதுங்கள். இருப்பு குறைவது அங்கேதான் முதலில் தெரியும். வெளிச்சம் போட்டால் பாரை மீன் குஞ்சும் சூரைக் குஞ்சும் சேர்ந்து வரும். கெலவல்லா ஒரு மீற்றர் அளவில் முதிர்கிறது, கைமுழம் அளவில் வளைத்து எடுத்தால் எடைக்கும் நட்டம், இருப்புக்கும் நட்டம். எனவே மொத்தத் தடையைவிட, தூரம், கண், வெளிச்சம், வலையின் ஆழம், படகு எண்ணிக்கை ஆகிய ஐந்தையும் அனுமதிப்பத்திரத்தில் எழுதி, மீறினால் அந்த சீசனுக்கே பத்திரத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்பதே நடக்கக்கூடியது. கரையில் நின்று வலை இழுக்கும் கரைவலைக்காரர் இதைத் தம் வெற்றியாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. கரைவலையின் மடிக்கண்ணும் அளக்கப்படவேண்டியதே. சின்ன மீன் எல்லாம் குஞ்சு அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். நெத்தலி வளர்ந்தாலும் சின்னதுதான். மடியில் நெத்தலியோடு வருகிற பாரைக் குஞ்சைத்தான் எண்ணவேண்டும்.

கொட்பே துறைமுகத்துப் பலநாள் கலங்களின் சூரை விவகாரம் உங்கள் மனுவுக்கு வெளியே. கெலவல்லா 2015 இல் மீறிப் பிடிக்கப்பட்டதாக மதிப்பிடப்பட்டு, 2016 இல் 2014 ஆம் ஆண்டுப் பிடிபாட்டை அடிப்படையாக வைத்து நாடுகளுக்குக் குறைப்பு வந்தது. 2024 மதிப்பீட்டில் அது மீறிப் பிடிக்கப்பட்ட நிலையில் இல்லை என்று வந்தது. 2.5 கிலோமீற்றரை மீறும் மிதவலைக்கு 2022 ஜனவரி முதல் ஆணைக்குழுவின் எல்லைப் பரப்பு முழுவதும் தடை. நீண்ட வாலுள்ள திரெஷர் சுறாவையும் பெருங்கடல் வெண்முனைச் சுறாவையும் பிடிக்கக்கூடாது. விதியை வைத்துக்கொண்டு கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2014 ஒக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்த இறக்குமதித் தடையே சாட்சி. 2016 ஜூனில் அது நீங்குவதற்குள் கலங்களில் கண்காணிப்புக் கருவி பூட்டவேண்டி வந்தது.

மனுவை எழுதும்போது, சட்டத்தில் உள்ள கருவியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அமைச்சர் ஒரு பகுதியைக் கடற்றொழில் முகாமைத்துவப் பகுதியாகப் பிரகடனப்படுத்தலாம், மூடுகாலம் விதிக்கலாம், மீன்பிடி ஒதுக்கிடம் அமைக்கலாம். "கடலைக் காப்பாற்றுங்கள்" என்பதற்கு எந்தப் பிரிவிலும் பதில் இல்லை. எல்லை மூலைகளின் ஜி.பி.எஸ். ஆள்கூறு, காக்கப்போகும் மூன்று நாலு இனம், ஒரு வருட அளவெடுப்பு, அந்த இடத்தில் இப்போது தொழில் செய்கிற படகுகளின் எண்ணிக்கையும் ஊரும், அவர்களுக்கு விடப்படும் மாற்றிடம், எத்தனை வருடத்தில் மீளாய்வு, எந்த எண் எந்த அளவுக்கு வந்தால் திறப்பது அல்லது நீட்டுவது என்பவை உள்ளே இருக்கட்டும். மாற்றிடத்தை எழுதாவிட்டால், வெளியேறிய படகுகள் பக்கத்து ஊர்ப் பாரில் போய்ச் சேரும். அடுத்த மனு உங்களுக்கு எதிராக வரும்.

பக்கத்துச் சங்கங்களின் கையொப்பம், தமிழ், முஸ்லிம், சிங்கள ஊர்கள் மூன்றிலிருந்தும், சேர்ந்திருக்கவேண்டும். மீன்பிடிச் சண்டை இனச்சண்டையாகப் பேசப்படுகிற இந்த மாவட்டத்தில் ஒரு ஊரின் தாள் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் அலமாரிக்குப் போய்விடும். நாரா என்கிற தேசிய நீர்வாழ் உயிரின வள ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஒரு பிரதி அனுப்பி அளவெடுப்பைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் முறையில் திருத்தம் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள், பிறகு உங்கள் எண்ணை எவரும் தட்டிக்கழிக்க முடியாது. மாவட்ட உதவிப் பணிப்பாளர் அலுவலகத்தில் நவம்பர், டிசம்பரில் கொடுங்கள். எல்லாரும் கரையில் இருக்கும் காலம் அது, கூட்டத்துக்கு ஆள் வரும். வெளிமாவட்டப் படகுகளும் அடுத்த சீசனுக்கு இன்னும் வந்திருக்காது. மார்ச்சில் கொடுத்தால் வாடிகள் போட்டு முடிந்திருக்கும், அந்த வருடம் போய்விடும்.